சரோஜாம்மாவின் கன்னத்தில் பெயிண்ட் நிற்கவில்லை

போன வாரம் பட்டறையிலிருந்து ஷாலினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என்னுடைய ஸ்ப்ரே கன் அவள் கைக்குத்தான் போனது. வழக்கமாக வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, “ஏன்க்கா இப்படி?” என்று மட்டும் கேட்பாள். அன்றைக்குக் குரலிலேயே ஏதோ இருந்தது.

“அக்கா, மீன்கண் விழுதுக்கா. தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன். திரும்பவும் விழுது.”

“எதுல?”

“சிலைலக்கா. ஆள் சிலை.”

“எந்த இடத்துல விழுது?”

“கன்னத்துல,” என்றாள். “கன்னத்துல மட்டும்தான்.”

“மெழுகு போகத் தேய்ச்சியா? கம்ப்ரசர்ல தண்ணி நிக்குதான்னு பார்த்தியா? யாராவது எண்ணெய்க் கையோட தொட்டாங்களா?”

“எல்லாம் பார்த்துட்டேன்க்கா.”

“அப்போ இன்னிக்கு மத்தியானம் சாப்பிடப் போகாதே. ஒரு ஓரமா உட்கார்ந்து பாரு.”

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எதைக்கா பார்க்கணும்?” என்றாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேறு யாராவது படித்தாலும் ஆட்சேபனை இல்லை.

மீன்கண் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக அடித்த பெயிண்ட் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டாமல் நாலாபுறமும் விலகி ஓடும். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் தெரியும், அடியில் இருக்கிற பூச்சு அதன் வழியாக எட்டிப் பார்க்கும். எண்ணெயோ மெழுகோ துளி இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, பெயிண்டுக்கு மட்டும் தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. அதுவரை பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்துச் சில்லு பார்க்கிற வேலை. என் கணவர் காலமான மறு வருஷமே எங்கள் லைனை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகன் படித்துக்கொண்டிருந்தான். டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருந்த ஃபிளாட்டுக்குப் பின்னால், ஆற்றோரம் ஒரு ஃபைபர்கிளாஸ் பட்டறையில் தேய்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஃபைபர்கிளாஸ் என்றால் படகு என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் ஆள் உயர ஐஸ்கிரீம், மனிதனைவிடப் பெரிய டுரியான் பழம், சீஃபுட் கடை வாசலுக்கு ஒரு நண்டு, தைப்பூசத்துத் தண்ணீர்ப் பந்தலுக்கு மயில்கள். மயில்களுக்கு இன்னும் கண் வரையவில்லை. வெள்ளை முழியோடு எல்லாம் என் பக்கமே திரும்பி நின்றன.

எங்கள் பட்டறையில் கண்ணைக் கடைசியில்தான் வரைவோம். சீன முதலாளிக்கும் அதுதான் வழக்கம், மலாய்க்காரர்களுக்கும் அதுதான் சௌகரியம், நமக்கோ சொல்லவே வேண்டாம். தூசி படாமல் இருக்க முகங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்போம். மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போது தாள் முகத்தோடு ஒட்டும், அது போனதும் விலகும். வரிசையாக நின்று மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பேய் பயமெல்லாம் கிடையாது. வேலை போய்விடுமோ என்கிற பயம்தான் உண்டு. இருந்தாலும் முதல் சில மாதங்கள் அந்த வரிசைக்கு முதுகு காட்டி நின்றதில்லை.

முதல் நாள் நன்றாகத் தலைவாரி, பூ வைத்துக்கொண்டு போனேன். வாசலில் நாதன் நின்றுகொண்டிருந்தார். பெயிண்ட் பிரிவுக்கு அவர்தான் தலை. என்னைவிடப் பல வயது இளையவர். என்னை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, “தேங்காய் எண்ணெயா அக்கா?” என்று கேட்டார்.

பாராட்டுகிறார் என்று நினைத்தேன். “ஆமா தம்பி. வீட்டுல காய்ச்சினது.”

“வீட்டுக்குப் போய்த் தலை குளிச்சிட்டு நாளைக்கு வாங்க.”

கோபமும் இல்லை, கேலியும் இல்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் வழியெல்லாம் அழுதேன். மறுநாள் துடைப்பக்கட்டை மாதிரித் தலையோடு போய் நின்றேன். அன்று விட்ட எண்ணெய்தான், ஓய்வு பெற்ற பிறகுதான் திரும்பவும் தலையில் வைத்தேன். தலையைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட துணி, அந்தத் துணி தொட்ட சிலை என்று அது ஊர்வலம் போகும் என்று பிறகுதான் புரிந்தது.

நாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் நேராகப் போய் கம்ப்ரசரை நிறுத்துவார். நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கிற இயந்திரம் சட்டென்று நின்றால் பட்டறையே செவிடான மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில் கைவிளக்கை எடுத்துப் பூச்சின்மேல் படுக்கைவாட்டில் பிடிப்பார். நேராகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிற இடத்தில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். ஒரு வார்த்தை சொல்லாமல் விளக்கை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். திட்டு வாங்கினாலாவது பதிலுக்கு முணுமுணுக்கலாம், இதற்கு என்ன செய்வது?

ரொம்ப நாள் தேய்த்தேன். பிறகு பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்க விட்டார். பிறகு டுரியான் முள். பக்கத்தில் போய் அடித்தால் பெயிண்ட் வழிந்து ஓடியது, தள்ளி நின்று அடித்தால் வறட்டென்று ரவை மாதிரி உட்கார்ந்தது. கை முதலில் நகர வேண்டும், விரல் பிறகுதான் அழுத்த வேண்டும், நிறுத்தும்போது விரல் முதலில் விட வேண்டும். சொன்னால் ஒரு வரி. கைக்கு அது ஏறுவதற்குள் எத்தனை நண்டும் காளானும் என்னிடம் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டன என்று கணக்கில்லை.

அப்படிக் கை ஓரளவு பழகி வந்த சமயத்தில்தான் மாணிக்கம் அண்ணன் வந்தார்.

பாகான் டாலாமில் லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். மனைவி சரோஜாம்மா நோயில் கிடந்து இறந்திருந்தார். ஒரே மகள் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாரை வார்க்கும்போது அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மனைவி இல்லாதவர் மேடையில் உட்காரக் கூடாது, தம்பியும் தம்பி மனைவியும் செய்யட்டும் என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பெற்ற பெண்ணை அடுத்தவர் தாரை வார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. எங்கேயோ ஒருவர் இறந்த மனைவிக்குச் சிலை செய்து பக்கத்தில் உட்கார வைத்த வீடியோ அவர் போனுக்கு வந்திருக்கிறது.

“அவ பக்கத்துல இருந்தா நான் உட்காரலாம்னு ஐயரு சொல்லிட்டாரு,” என்றார். “கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

முகத்தைப் படத்தைப் பார்த்துக் களிமண்ணில் செய்துவிடலாம். கைக்கு என்ன செய்வது? உயிருள்ள கையில் அச்சு எடுப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே சரோஜாம்மாவின் வளையல்கள். அது யார் கைக்குச் சரியாக இருக்கிறதோ அந்தக் கையில் எடுங்கள் என்றார். பட்டறையில் இருந்த பெண்கள் எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்திக்கு நுழையவில்லை, ஒருத்திக்குத் தொளதொளவென்று இருந்தது. நான் பின்னாலேயே நின்றேன். என் கணவர் போன பிறகு நான் வளையல் போட்டதில்லை. முதலாளிக்கு அதெல்லாம் தெரியுமா? கையைக் காட்டு என்றார். வளையல்கள் சோப்பு போட்ட மாதிரி வழுக்கி ஏறி மணிக்கட்டில் நின்றன.

மாணிக்கம் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பு கூசியது.

பல் டாக்டர் அச்சு எடுக்கிற பசை போல ஒன்று, வாளி நிறைய. அதில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு அசையாமல் இருந்தேன். சொம்பைப் பிடிக்கிற மாதிரி வலது கை விரலை மடக்கச் சொன்னார் நாதன். சில நாளில் என் கைகள் மேசைமேல் கிடந்தன. சுண்டு விரலின் கோணல், தொழிற்சாலையில் சூடுபட்ட வடு, ரேகை, எல்லாம் இருந்தது. நம் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். நம் கையை வெளியில் வைத்துப் பார்த்தால் யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருக்கிறது.

“முதல் ஆள் சிலை, நீங்களே பூசுங்க அக்கா,” என்றார் நாதன். “உங்க கை. நீங்க பூசினாத்தான் சரியா வரும்.”

உடம்புக்குப் பட்டுப்புடவை கட்டிவிடுவார்கள், முகமும் கழுத்தும் கைகளும் பாதமும்தான் என் வேலை. தோல் நிறம் என்பது பழுப்பு பெயிண்ட் இல்லை என்பதை அவர்தான் காட்டினார். அடியில் சிவப்பு, அதன்மேல் மஞ்சள், நரம்புக்குப் பச்சை கலந்த நீலம், பிறகுதான் பழுப்பு. எல்லாம் அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிசாக. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

அந்த வாரம் தேவி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். கண் வரையாத முகத்தை ஒரு தடவை பார்த்தாள், உடனே தரையைப் பார்த்தாள்.

“ஆண்ட்டி, அப்பா குடுத்த போட்டோவ பார்த்துப் பூசாதீங்க. அது ஸ்டூடியோல வெள்ளையாக்குனது. அம்மா உங்க கலர்.”

“சரிம்மா.”

“எனக்கு இதுல இஷ்டமே இல்ல ஆண்ட்டி. அப்பாவுக்காகத்தான் பேசாம இருக்கேன். ஆனா அது அம்மாவா இல்லன்னா, சத்தியமா நான் மேடைல உட்கார மாட்டேன் லா.”

அப்படியானால் அந்த மனிதருக்கும் மேடை இல்லை. என் புறங்கையைச் சிலையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து வைத்து நிறம் கலந்தேன்.

முதல் பூச்சு அடித்தேன். கன்னத்தில் பெயிண்ட் விலகியது. நெற்றியிலும் விலகியது. அச்சிலிருந்து எடுக்கும்போது தடவுகிற மெழுகு மிச்சம் இருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துத் துடைத்து, மறுபடியும் பிரைமர் அடித்து, மறுநாள் பூசினேன். அதே கன்னம். அதே நெற்றி. கழுத்தில் ஒன்றுகூட இல்லை, பாதத்தில் இல்லை. கைகளில் விரல்மேல் மட்டும் விழுந்தது.

கம்ப்ரசர் நின்றது.

நாதன் விளக்கைப் படுக்கைவாட்டில் பிடித்தார். கன்னத்துப் பள்ளங்கள் சும்மா சிதறிக் கிடக்கவில்லை. மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாகக் கோடு கோடாகப் போயின, யாரோ விரல்களால் வருடிவிட்ட மாதிரி. அவர் குனிந்து முகத்தை மோந்தார். என்னைப் பார்த்தார்.

“அக்கா, தலைக்கு எண்ணெய் வெச்சீங்களா?”

“இல்ல தம்பி. என் மகன் மேல சத்தியமா இல்ல.”

நானும் குனிந்து மோந்தேன். தின்னர் நாற்றமும் பிசின் நாற்றமும் தவிர வேறு எதுவும் ஏறாத அந்த இடத்தில், தேங்காய் எண்ணெய் வாசம். சன்னமாக, ஆனால் சந்தேகமே இல்லாமல்.

விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அம்மாவே வந்து பூசிக்கொண்டு போகிறார் என்றார்கள். ஃபைபர் ஒட்டுகிற மலாய்க்காரர் அந்தப் பக்கம் நடப்பதையே நிறுத்தினார். முதலாளிக்குப் பேய் முக்கியமில்லை, தேதிதான் முக்கியம். இன்னொரு தடவை விழுந்தால் நாதனே பூசட்டும், இந்த அம்மா வேறு வேலை தேடிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். நாதன் எனக்காகப் பேசவில்லை, எனக்கு எதிராகவும் பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் துடைத்துப் பிரைமர் அடித்துவிட்டு, மறுநாள் மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. பெயிண்ட் வாடையில் சாப்பிடக் கூடாது என்பதால் எல்லாரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள், கதவைச் சும்மா சாத்துவதோடு சரி. ஒரு யானைப் பொம்மையின் பாதி உடம்பு சுவரோரம் சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. தகரக் கூரை படக் படக்கென்று சொடுக்கியது. மின்விசிறி திரும்பத் திரும்பப் பிளாஸ்டிக் முகங்கள் மூச்சு விட்டன.

ஆற்றுப் பக்கத்துச் சின்ன கேட் கிரீச்சிட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். பட்டறையில் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா?

வந்தவர் மாணிக்கம் அண்ணன்.

ஒரு ஸ்டூலை இழுத்துச் சிலைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முகத்தை மூடியிருந்த தாளை மெதுவாக எடுத்தார். பையிலிருந்து ஒரு சின்ன போத்தல். உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அந்தச் சாம்பல் நிற முகத்தில் தடவினார். நெற்றியில், பிறகு மூக்கோரத்திலிருந்து காது வரை கன்னத்தில்.

“இன்னிக்கு மண்டபத்துக்குப் போய்ட்டு வந்தேன் சரோஜா,” என்றார். “சமையலுக்கு அந்தப் பழைய ஆளையே சொல்லிட்டேன். நீ அவன் சாம்பார்தான் நல்லா இருக்கும்னு சொல்லுவியே. தோலு ரொம்பக் காஞ்சு போச்சு உனக்கு. எரியுதா? இரு, இரு, ஆச்சு.”

பதில் வருவதற்கு இடம் விட்டு விட்டுப் பேசினார். அந்த இடைவெளிகளில் அவர் தலையாட்டினார். கண்ணில்லாத முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு கைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக, நுனி வரைக்கும், எண்ணெயை உருவிவிட்டார். என் கை என் மடியில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோணல் சுண்டு விரலை அவர் நீவியபோது என் சுண்டு விரலில் உணர்ந்தேன். கையைப் புடவைக்குள் சுருட்டி இறுக்கிக்கொண்டேன். அழுகையா பயமா என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய், “அண்ணே, இது வேணாம்ணே” என்று சொல்லியிருக்கலாம். டின்னைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. அவர் தாளைத் திரும்ப மூடி, ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நாதனிடம் மட்டும் சொன்னேன். நோயில் தோல் காய்ந்து கிடந்தபோது தினமும் மதியம் அவர்தான் எண்ணெய் தடவிவிட்டார் போலிருக்கிறது என்றேன். நாதன் கேட்டுக்கொண்டே இருந்தார். குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கையைக் கழுவினார். இனி வரக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் சரோஜாம்மாவை மறுபடியும் சுத்தமாகத் துடைத்து, பெயிண்ட் அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அச்சிலிருந்து முதலில் எடுத்து, காற்றுக் குமிழி விழுந்ததால் ஒதுக்கிய இன்னொரு முகம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி ஒரு கம்பத்தில் பொருத்தி, பிரைமர் அடித்து, கீழே ஒரு துணியைச் சுற்றி, அதே இடத்தில் நிறுத்தினார். ஒதுக்கிய கைகளும் ஒரு ஜோடி இருந்தன. அவற்றையும் வைத்தார். பிளாஸ்டிக் தாளை மூடினார். ஸ்டூலை அவரே கொண்டுவந்து எதிரே போட்டார்.

“தெரிஞ்சுடாதா தம்பி?” என்றேன்.

“தெரியலாம்,” என்றார். “சாப்பிடப் போங்க அக்கா.”

அதற்குப் பிறகு பெயிண்ட் விலகவே இல்லை. சிவப்பு உட்கார்ந்தது, மஞ்சள் உட்கார்ந்தது. கழுத்து மடிப்பு, கண்ணுக்குக் கீழே அந்தக் கருமை, எல்லாம் என் கைக்குப் பணிந்து வந்தன. வெளியே மதியந்தோறும் கேட் கிரீச்சிட்டது. எண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது, ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம்.

கடைசி நிறப்பூச்சு. அடித்துவிட்டு ஓரடி பின்னால் வந்தேன். உதட்டுக்குக் கீழே, இடது பக்கம், பெயிண்ட் மெதுவாக விலகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலகியது. கடுகளவு, ஒன்றே ஒன்று.

நாதனைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்ரசரை நிறுத்தவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், நான் துடைத்த துணியைப் பார்த்தார். எண்ணெய் இல்லை, மெழுகு இல்லை. சாவி அவர் பாக்கெட்டிலேயே இருந்தது.

“காஞ்சதும் தேய்ச்சிடறேன் தம்பி. நாளைக்குள்ள சரி பண்ணிடலாம்.”

அவர் நின்றபடியே ரொம்ப நேரம் பார்த்தார். மயிலின் இறகில் ஒரு தூசி இருந்தாலும் விடாத ஆள். “விடுங்க அக்கா,” என்றார். ஏன் விட்டார் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அதன்மேல் பளபளப்பு இல்லாத கிளியர், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, அடித்தோம். கடைசியாகக் கண் வரைந்தேன். கருவிழி வைத்த மறு விநாடி, அவ்வளவு நாளும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

எடுத்துப் போக அப்பாவும் மகளும் வந்தார்கள். தேவி வழக்கம்போல வாசலில் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, நேராக நடந்து வந்து சிலையின் முன்னால் குனிந்தாள். விரலை உதட்டுக்குக் கீழே வைத்தாள்.

“இது எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“எதும்மா?”

“சின்ன வயசுல அம்மை போட்ட தழும்பு. ஒரு போட்டோலயும் இருக்காது. பவுடர் போட்டு மறைச்சிடுவாங்க. எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும்.” அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க சொன்னீங்களாப்பா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“நாங்க வைக்கலம்மா,” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. “அதுவா வந்துச்சு.”

அவள் சிலையின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் வேறு வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிட்டோம். லாரியில் ஏற்றும்போது மாணிக்கம் அண்ணன் நாதன் பக்கம் வந்து, “தம்பி, அந்த இன்னொரு மூஞ்சியையும் குடுத்துடுங்க,” என்றார். “அதுக்கு எண்ணெய் பழகிப் போச்சு.”

கல்யாணம் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில். ஏற்றி இறக்கும்போது கீறல் விழுந்தால் சரிசெய்ய ஒரு ஆள் கூடவே போவது எங்கள் வழக்கம். நானும் நாதனும் போனோம். பச்சைப் பட்டில், மல்லிகைப் பூவோடு, அந்த வளையல்களோடு சரோஜாம்மா மேடையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் பேசிக்கொண்டே ஏறி, அருகில் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தைகள் மட்டும்தான் பயப்படவில்லை. நான் பெயிண்ட் பெட்டியோடு தூணோரம் நின்றேன். கணவர் போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் மேடைப் பக்கம் போனதில்லை. யாரும் போகாதே என்று சொன்னதும் இல்லை, வா என்று சொன்னதும் இல்லை.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. சிலையின் விரல்களுக்குள் சொம்பைப் பொருத்தியிருந்தார்கள். தம்பி மனைவி பின்னாலிருந்து அதைச் சாய்த்தால் போதும், அப்படித்தான் பேச்சு. மாணிக்கம் அண்ணன் மகளின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். தம்பி மனைவி கையை நீட்டிச் சிலையின் விரலைத் தொட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சூடா இருக்கு,” என்றார். முகம் வெளுத்துவிட்டது. “என்னால முடியாது. நான் தொட மாட்டேன்.”

நாதஸ்வரம் நின்றது. மண்டபமே செவிடான மாதிரி ஆகிவிட்டது. மேடையில் அந்த மனிதர் கைகளை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். உறவுக்காரப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், யாரும் ஏறவில்லை.

தேவி நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாள். “ஆண்ட்டி, நீங்க வாங்க.”

கிட்டே போய், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எனக்கு வீட்டுக்காரர் இல்லம்மா,” என்றேன். “வேற யாரையாவது கூப்பிடு.”

அவள் சிலையின் கையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கோணல் சுண்டு விரலைப் பார்த்திருப்பாள்.

“இது அம்மா கை. இந்தக் கைக்குப் பக்கத்துலதான் அப்பா இருக்காரே ஆண்ட்டி,” என்றாள்.

மேடை ஏறினேன். சிலைக்குப் பின்னால் நின்று, அதன் கைமேல் என் கையை வைத்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது. சூடாகத்தான் இருந்தது. வீடியோக்காரர்களின் விளக்கு வெளிச்சத்தில் ஃபைபர் சூடாகும், அது எனக்குத் தெரியும். கிளியர் அடித்த பூச்சில் எண்ணெய் தங்காது, அதுவும் தெரியும். ஆனால் என் விரல்களுக்கடியில் வழுவழுவென்று இருந்தது, தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. சொம்பைச் சாய்த்தேன். எது என் கை, எது அந்தக் கை என்று மேலிருந்து பார்த்த எனக்கே தெரியவில்லை.

மாணிக்கம் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பார்த்தபடியே, வீட்டில் பேசுகிற குரலில், “மெதுவா ஊத்து சரோஜா,” என்றார்.

நான் மெதுவாக ஊற்றினேன்.